ஒரு டயல்-அப் அழைப்பைப் பின்தொடர்ந்து மோடம் சொற்களைக் கற்பது எப்படி

தரவுத் தொடர்பின் அடிப்படைச் சொற்களைப் பட்டியலாக மனப்பாடம் செய்கிறவர்கள், பாட், பிட் வீதம், போர்ட் வேகம் ஆகிய மூன்றையும் சில நாள்களிலேயே ஒன்றாகக் குழப்பிவிடுகிறார்கள். மூன்றும் வேகத்தைக் குறிப்பவைதாம் என்றாலும், ஒன்று தொலைபேசிக் கம்பியில் அலை எத்தனை முறை மாறுகிறது என்பதையும், இன்னொன்று அந்தக் கம்பியில் எத்தனை பிட்டுகள் போகின்றன என்பதையும், மூன்றாவது கணினிக்கும் மோடத்துக்கும் இடையிலான குட்டை வடத்தில் நடப்பதையும் சொல்கின்றன. ஒரு சொல் எந்த இடத்துக்கு உரியது என்று தெரிந்தால் அதன் பொருள் தானே நினைவில் நிற்கும். ஆகவே இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு டயல்-அப் அழைப்பை, அதாவது ஒரு கணினி மோடம் என்னும் கருவியின் மூலம் தொலைபேசிக் கம்பி வழியே இன்னொரு கணினியை அழைப்பதை, முதல் கணினியிலிருந்து மறுமுனை வரை பின்தொடர்ந்து, சொற்களை அவை உண்மையில் எழும் இடங்களிலேயே சந்திப்போம்.

இச்சொற்கள் பழங்கதையாகிவிடவில்லை. அமெரிக்காவின் ஏ.ஓ.எல். நிறுவனம் தன் டயல்-அப் சேவையை 2025 செப்டம்பர் 30 அன்று நிறுத்திவிட்டபோதிலும், மைக்ரோகன்ட்ரோலர் என்னும் சிறு கணினிச் சில்லுடன், கைபேசி வலையில் இணையும் ஜி.எஸ்.எம். அல்லது 4ஜி மாட்யூல் ஒன்றை இணைக்கும் மாணவர் இன்றும் பாட் வீதத்தைக் குறிப்பிட வேண்டியிருக்கிறது. 1981-இல் ஹேய்ஸ் என்னும் மோடம் நிறுவனம் வகுத்த ஆணைகளின் வழித்தோன்றல்களையே தட்டச்சு செய்ய வேண்டியிருக்கிறது.

கணினி, மோடம், கம்பி

முதலில் அழைப்பின் வழியை ஒரு தாளில் வரைந்துகொள்ளுங்கள். இடப்புறம் உங்கள் கணினி, அடுத்து மோடம், அடுத்து தொலைபேசிக் கம்பி, நடுவில் தொலைபேசி இணைப்பகம், அதற்கப்பால் மறுமுனை மோடம், கடைசியில் மறுமுனைக் கணினி. தரவை உருவாக்குவதும் பெறுவதுமான கணினியை டி.டி.இ. என்றும், அதைக் கம்பிக்கு ஏற்றபடி மாற்றித் தரும் மோடத்தை டி.சி.இ. என்றும் தரநிலைகள் அழைக்கின்றன. இவ்விரண்டுக்கும் இடையே ஓடும் வடம் ஆர்.எஸ்.-232 என்னும் தரநிலையைச் சார்ந்தது. அவ்வடத்தில் எதிர்மறை மின்னழுத்தம் 1 என்பதையும், நேர்மறை மின்னழுத்தம் 0 என்பதையும் குறிக்கும்; உள்ளுணர்வுக்கு நேர்மாறான இந்த வழக்கத்தைக் குறித்துவைத்துக்கொள்வது நல்லது.

ஒன்பது முள் இணைப்பியில் 2-ஆம் முள் தரவைப் பெறுகிறது, 3-ஆம் முள் தரவை அனுப்புகிறது, 5-ஆம் முள் பொதுத் தரை. மற்ற ஆறும் தரவைச் சுமப்பதில்லை, நிலையை அறிவிக்கின்றன. கணினி தயாராக இருப்பதை டி.டி.ஆர். என்னும் 4-ஆம் முள்ளும், மோடம் தயாராக இருப்பதை டி.எஸ்.ஆர். என்னும் 6-ஆம் முள்ளும், மறுமுனை மோடத்தின் ஊர்தி அலை (தரவைச் சுமக்கும் தொடர் ஒலி) கேட்கிறது என்பதை சி.டி. என்னும் 1-ஆம் முள்ளும், மணி அடிக்கிறது என்பதை ஆர்.ஐ. என்னும் 9-ஆம் முள்ளும் தெரிவிக்கின்றன. 7-உம் 8-உம் ஆன ஆர்.டி.எஸ்., சி.டி.எஸ். ஆகியவற்றுக்குப் பின்னால் வருவோம். வெளியில் வைக்கும் மோடங்களின் முகப்பில் வரிசையாக எரியும் சிறு விளக்குகள் பெரும்பாலும் இம்முட்களின் நிலையைத்தான் காட்டுகின்றன.

மோடம் என்ற பெயர் மாடுலேட்டர், டிமாடுலேட்டர் என்னும் இரு சொற்களின் சேர்க்கை. நம் பாடநூல்கள் முன்னதைப் பண்பேற்றம் என்றும் பின்னதைப் பண்பிறக்கம் என்றும் சொல்கின்றன. சீராக ஒலிக்கும் ஊர்தி அலை ஒன்றின் அதிர்வெண்ணையோ, வீச்சையோ, கட்டத்தையோ (அலைச் சுழற்சியில் அது நிற்கும் இடத்தையோ) பிட்டுகளுக்கு ஏற்ப மாற்றுவது பண்பேற்றம். அம்மாற்றங்களிலிருந்து பிட்டுகளை மீட்பது பண்பிறக்கம். இது ஏன் தேவைப்படுகிறது என்றால், தொலைபேசி வலையமைப்பு மனிதக் குரலுக்காக அமைக்கப்பட்டது; ஏறத்தாழ 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரையிலான அதிர்வெண்களையே அது கடத்துகிறது. கணினியின் மின்னழுத்த மாற்றங்களை அப்படியே அதில் விட்டால் மறுமுனைக்கு உருக்குலைந்தே போய்ச் சேரும். இந்த எல்லை செப்புக் கம்பியின் குறை அல்ல, குரல் அழைப்புகளைக் கையாளும் கருவிகளிலுள்ள வடிகட்டிகளால் வருவது என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். அதனால்தான் பின்னாளில் டி.எஸ்.எல். என்னும் அகலப்பட்டை இணையம் அதே கம்பியில் பன்மடங்கு வேகமாக ஓட முடிந்தது.

ஓர் எழுத்துக்குப் பத்து பிட்டுகள்

அவ்வடம் கணினியில் செருகப்படும் சீரியல் போர்ட்டில் ஓர் எழுத்தின் பிட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாகவே போகின்றன. அவற்றை அளந்து காட்டப் பொதுவான கடிகாரச் சைகை எதுவும் வடத்தில் இல்லாததால், ஒவ்வோர் எழுத்தும் தன் தொடக்கத்தைத் தானே அறிவிக்க வேண்டும். இதுவே ஒத்திசைவற்ற முறை. எழுத்துக்கு முன்னால் ஒரு தொடக்க பிட், பிறகு 7 அல்லது 8 தரவு பிட்டுகள், விரும்பினால் பிழை காண ஒரு பாரிட்டி பிட், இறுதியில் குறைந்தது ஒரு நிறுத்த பிட். மென்பொருளில் ‘8-என்-1’ என்று கண்டால், எட்டுத் தரவு பிட், பாரிட்டி இல்லை, ஒரு நிறுத்த பிட் என்று விரித்துப் படியுங்கள். இம்முறையில் ஓர் எழுத்துக்குத் தொடக்க பிட்டும் சேர்ந்து பத்து பிட்டுகள் செலவாகின்றன. ஆகவே நொடிக்கு 2400 பிட் என்றால் நொடிக்கு 240 எழுத்துகள்.

இரு முனைகளிலும் இந்த அமைப்பு ஒத்திருக்க வேண்டும். ஒருமுனை ‘7-இ-1’ என்று ஏழு தரவு பிட்டும், 1-களின் எண்ணிக்கையை இரட்டைப்படையாக்கும் இரட்டைப் பாரிட்டியும் வைத்து அனுப்ப, மறுமுனை ‘8-என்-1’ என்று படித்தால், ஏறத்தாழ பாதி எழுத்துகள் சரியாகவும் மீதி விசித்திரக் குறியீடுகளாகவும் தோன்றும். எழுத்துகள் மாறி வரும்போது அதே எழுத்து எப்போதும் அதே குறியீடாகவே மாறினால் பாரிட்டி அமைப்பைச் சந்தேகியுங்கள். ஒழுங்கே இல்லாமல் இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சிதறினால் கம்பி இரைச்சலைச் சந்தேகியுங்கள்.

பாட்டும் பிட் வீதமும்

பிரெஞ்சுத் தந்திப் பொறியாளர் எமில் போதோவின் பெயரால் வழங்கும் பாட் என்னும் அலகு, கம்பியில் அலையின் நிலை நொடிக்கு எத்தனை முறை மாறுகிறது என்பதை அளக்கிறது. ஒவ்வொரு நிலைமாற்றத்தையும் ஒரு குறியீடு என்போம். ஒரு குறியீடு எத்தனை பிட்டுகளைச் சுமக்கிறது என்பது பண்பேற்ற முறையைப் பொறுத்தது. பாட் எண்ணை அதனால் பெருக்கினால் பிட் வீதம் கிடைக்கும். இந்த ஒரே பெருக்கலை மறவாதவருக்குக் குழப்பமே வராது.

குழப்பம் எங்கே தொடங்கியது என்பதைப் பழைய மோடங்களே காட்டுகின்றன. 1962-இல் வந்த பெல் 103 வகை, இரண்டே இரண்டு தொனிகளை மாற்றி மாற்றி ஒலித்தது. அழைக்கும் மோடம் 0 என்பதற்கு 1070 ஹெர்ட்ஸும் 1 என்பதற்கு 1270 ஹெர்ட்ஸும் பயன்படுத்த, பதிலளிக்கும் மோடம் 2025-ஐயும் 2225-ஐயும் எடுத்துக்கொண்டது. இவ்வாறு அதிர்வெண் பட்டையைப் பங்கிட்டுக்கொண்டதால் இருவரும் ஒரே நேரத்தில் பேச முடிந்தது. இதுவே ஃபுல் டூப்ளெக்ஸ். ஒருவர் முடித்தபின் மற்றவர் பேசுவது ஹாஃப் டூப்ளெக்ஸ், ஒரு திசையில் மட்டும் போவது சிம்ப்ளெக்ஸ். அந்த மோடத்தில் ஒரு மாற்றத்துக்கு ஒரு பிட்தான் என்பதால் 300 பாட்டும் நொடிக்கு 300 பிட்டும் ஒன்றாகவே இருந்தன. வழக்கில் இரண்டும் ஒரே சொல்லாகிவிட்டது அப்போதுதான்.

பின்னர், பன்னாட்டுத் தரநிலைகளுள் ஒன்றான வி.22பிஸைப் பின்பற்றி வந்த மோடங்களைக் கடைக்காரர்கள் ‘2400 பாட்’ என்று விற்றார்கள். உண்மையில் அவை 600 பாட் மோடங்கள். ஊர்தி அலையின் வீச்சையும் கட்டத்தையும் சேர்த்து மாற்றிப் பதினாறு நிலைகளை உண்டாக்கியதால், ஒரு மாற்றத்தில் நான்கு பிட்டுகள் போயின. 600-ஐ 4-ஆல் பெருக்கினால் 2400. இரண்டையும் சேர்த்து மாற்றும் இந்த முறையே க்யூ.ஏ.எம். எனப்படுவது. பின்னர் வந்த வி.32பிஸ் 2400 பாட்டில் குறியீட்டுக்கு ஆறு பிட் வைத்து 14,400-ஐயும், வி.34 மோடம் 3200 பாட்டில் ஒன்பது பிட் வைத்து 28,800-ஐயும் எட்டின. வி.32 முதல், இரு மோடங்களும் பட்டை முழுவதையும் ஒரே நேரத்தில் பயன்படுத்தின. தான் அனுப்பிய ஒலியின் எதிரொலியைத் தானே கணக்கிட்டுக் கழித்துவிடும் எதிரொலி நீக்கம் அதற்கு வழி செய்தது. குரல் பட்டையின் அகலமே ஏறத்தாழ 3100 ஹெர்ட்ஸ் என்பதால் பாட் எண்ணைப் பெரிதாக உயர்த்த இடமில்லை. முன்னேற்றத்தின் பெரும்பகுதி ஒரு குறியீட்டுக்குள் மேலும் பிட்டுகளைத் திணித்ததில்தான் இருந்தது. எவ்வளவு திணிக்கலாம் என்பதற்கும் எல்லை உண்டு. அமெரிக்கக் கணிதவியலாளர் கிளாட் ஷேனன் 1948-இல் நிறுவிய சூத்திரத்தில் 3100 ஹெர்ட்ஸ் அகலத்தையும் 35 டெசிபல் சைகை இரைச்சல் விகிதத்தையும் இட்டால் நொடிக்குச் சுமார் 36,000 பிட் வருகிறது. வி.34-இன் இறுதி வேகமான 33,600, அந்த எல்லைக்கு வியக்கத்தக்க அளவு அருகில் நிற்கிறது. தொடர்பியல் பொறியாளர்களின் பொறுமைக்கு இதைவிடச் சிறந்த சான்று எனக்குத் தெரியாது.

அப்படியானால் 56,000 எப்படி வந்தது? இங்கு ஷேனனின் விதி மீறப்படவில்லை, கம்பியின் தன்மைதான் மாறியிருக்கிறது. இணைப்பகங்கள் குரலை நொடிக்கு 8000 முறை, முறைக்கு 8 பிட் என்று எண்களாக மாற்றுகின்றன. இணையச் சேவையாளரின் முனை இலக்க முறையிலேயே இணைப்பகத்துடன் பிணைக்கப்பட்டிருந்தால், அவர் அனுப்புவது அந்த மாற்றத்துக்கும் அதன் இரைச்சலுக்கும் ஆட்படுவதில்லை. 1998-இல் வந்த வி.90 தரநிலை அந்த எட்டு பிட்டில் ஏழு வரை நம்பி, 8000-ஐ 7-ஆல் பெருக்கி 56,000 பெற்றது. இது இறங்குதிசைக்கு மட்டுமே. பயனரிடமிருந்து ஏறுதிசையில் 33,600 தான். பின்வந்த வி.92 ஏறுதிசையை 48,000 வரை உயர்த்தியது. இடையில் அலுவலகத்தின் உள் இணைப்பகமான பி.பி.எக்ஸ். போன்ற ஒன்று இன்னொரு முறை அலையாகவும் எண்ணாகவும் மாற்றினால் இந்த வழி அடைபட்டு, மோடம் வி.34-க்கு இறங்கிவிடும். அலுவலகத்தில் 31,200-ஐத் தாண்டாத அதே மோடம் வீட்டில் 48,000 எட்டுவதற்கு இது பெரும்பாலும் காரணமாக இருக்கும்.

மோடத்துக்கு ஆணையிடுதல்

தட்டுவதை மோடத்துக்கு அனுப்பி அதன் பதிலைத் திரையில் காட்டும் டெர்மினல் மென்பொருளைத் திறந்து ஏ, டி என்ற இரண்டு ஆங்கில எழுத்துகளைத் தட்டி என்டர் விசையை அழுத்துங்கள். ‘ஓகே’ என்று பதில் வந்தால், போர்ட், வடம், மோடம் மூன்றும் சரி. அவ்விரண்டு எழுத்துகளும் அட்டென்ஷன் என்பதன் சுருக்கம். இந்த ஆணைத்தொகுதியை ஹேய்ஸ் ஸ்மார்ட்மோடம் 1981-இல் கொண்டுவந்தது. ஆணைகளை ஏற்கும் இந்நிலை ஆணை நிலை. இணைப்பு கிடைத்தபின் தட்டுவதெல்லாம் மறுமுனைக்குப் போகும் நிலை தரவு நிலை. தட்டும் ஒவ்வோர் எழுத்தும் திரையில் இருமுறை தோன்றினால் தட்டியதைத் தானே திரையில் காட்டும் மென்பொருளின் லோக்கல் எக்கோவை அணைக்கவும். ஒன்றுமே தோன்றாவிட்டால் அதை இயக்கவும்.

எண்ணைச் சுழற்ற, அட்டென்ஷன் எழுத்துகளுக்குப் பின் டயல் என்பதன் முதலெழுத்தையும், அடுத்துத் தொனி முறைக்கு டோன் என்பதன் முதலெழுத்தையோ, துடிப்பு முறைக்கு பல்ஸ் என்பதன் முதலெழுத்தையோ சேர்த்து எண்ணைத் தட்ட வேண்டும். தொனி முறையில் ஒவ்வோர் இலக்கமும் இரண்டு அதிர்வெண்களின் கூட்டு; 5 என்பது 770, 1336 ஹெர்ட்ஸ் இரண்டும் சேர்ந்தது. துடிப்பு முறையில் இலக்கத்தின் எண்ணிக்கைக்கு ஏற்ப மின்னோட்டம் விட்டுவிட்டுத் துண்டிக்கப்படும். ஸ்ட்ரௌஜர் என்னும் பழைய இயந்திரவகை இணைப்பகங்கள் துடிப்பையே புரிந்துகொண்டன. பி.பி.எக்ஸ். வழியாக வெளியே செல்ல 0 தேவைப்படும் இடங்களில் அதற்குப் பின் ஒரு காற்புள்ளி இடுங்கள். மோடம் வழக்கமாக இரண்டு நொடி காத்துப் பின் தொடரும். கம்பியில் டயல் டோன் ஒலித்தும் மோடம் ‘நோ டயல்டோன்’ என்றால், நம் தொனி அது எதிர்பார்க்கும் அமெரிக்கத் தொனியிலிருந்து வேறுபடுகிறது என்று பொருள். எக்ஸ்-3 என்னும் அமைப்பு டயல் டோனுக்காகக் காத்திராமல் சுழற்றச் செய்யும்.

எஸ்-ரெஜிஸ்டர்கள் என்பவை மோடத்தின் எண் அமைப்புகள். எஸ்-0 எத்தனை முறை மணி அடித்தபின் தானே பதிலளிக்க வேண்டும் என்பதையும், எஸ்-7 ஊர்தி அலைக்காக எத்தனை நொடி காத்திருக்க வேண்டும் என்பதையும், எஸ்-10 ஊர்தி அலை மறைந்தபின் எத்தனை பத்திலொரு நொடிகள் பொறுத்து அழைப்பைத் துண்டிக்க வேண்டும் என்பதையும் வைத்திருக்கின்றன. கால் வெயிட்டிங் ஒலி குறுக்கிட்டு இணைப்பு அறுந்தால் எஸ்-10-ஐச் சற்று உயர்த்திப் பாருங்கள்.

அந்த இரைச்சலில் நடப்பது என்ன

மறுமுனை மோடம் எடுத்ததும் முதலில் 2100 ஹெர்ட்ஸ் பதில் தொனி வருகிறது. புதிய மோடங்களில் அத்தொனியின் கட்டம் 450 மில்லி நொடிக்கு ஒருமுறை தலைகீழாகிறது. வலையமைப்பில் குரலுக்காக வைத்திருக்கும் எதிரொலி நீக்கிகளை அது செயலிழக்கச் செய்கிறது. அதன்பின் இரு மோடங்களும் தமக்குத் தெரிந்த தரநிலைகளைச் சொல்லிக்கொண்டு பொதுவானதைத் தேர்கின்றன. பல தொனிகளை ஒரே நேரத்தில் ஒலித்துக் கம்பி எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு தேய்க்கிறது என்று அளக்கின்றன. கடைசியாக ஒலிக்கும் நீண்ட சீறலில், அந்தத் தேய்வை ஈடுசெய்யும் சமனாக்கியையும் எதிரொலி நீக்கத்தையும் பழக்குகின்றன. இந்த முழு உடன்பாட்டுக்கும் ஹேண்ட்ஷேக் என்று பெயர். நடுவில் கம்பி கெட்டுப்போனால் இணைப்பை அறுக்காமலே மீண்டும் பழகிக்கொள்வது ரீட்ரெய்ன். பக்கம் இறங்கிக்கொண்டிருக்கையில் சில நொடிகள் எல்லாம் உறைந்து பின் தொடர்ந்தால் அதுவே நடந்திருக்கும்.

‘கனெக்ட்’ எண்ணை நம்புவதற்கு முன்

‘கனெக்ட் 115200’ என்று திரையில் கண்டு மகிழ்ந்தவர்கள் ஏராளம். அது பல மோடங்களில் கணினிக்கும் மோடத்துக்கும் இடையிலான போர்ட் வேகம் மட்டுமே. டபிள்யூ-2 போன்ற அமைப்பை இட்டால்தான் கம்பியின் வேகம் தெரியும். இரண்டும் ஏன் வேறுபட வேண்டும் என்பதைப் புரிந்துகொள்ள, மோடத்துக்குள் நடக்கும் இரு வேலைகளைப் பார்க்க வேண்டும்.

முதலாவது பிழைதிருத்தம். மைக்ரோகாம் நிறுவனத்தின் எம்.என்.பி. 2 முதல் 4 வரையிலான முறைகளும், வி.42 தரநிலையின் எல்.ஏ.பி.எம். முறையும் தரவைச் சட்டங்கள் (ஃபிரேம்) எனப்படும் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுடனும் சி.ஆர்.சி. என்னும் சோதனை எண்ணை இணைத்து அனுப்புகின்றன. எண் பொருந்தாத சட்டம் மீண்டும் அனுப்பப்படுகிறது. இது வேகத்தைக் குறைக்கும் என்று பலர் அஞ்சுவார்கள். நடப்பது நேர்மாறு: கம்பியில் சட்டங்கள் (எம்.என்.பி. 2 தவிர) ஒத்திசைவு முறையில் செல்வதால் எழுத்துக்கு எழுத்து தொடக்க, நிறுத்த பிட்டுகள் தேவைப்படுவதில்லை, 28,800-இல் நொடிக்கு 2880 எழுத்துகள் என்பது, சட்டங்களின் சுமையைக் கழிக்கும் முன், 3600 ஆகிறது.

இரண்டாவது தரவுச் சுருக்கம். வி.42பிஸ் எளிய உரையை நான்கில் ஒரு பங்கு வரை சுருக்கக்கூடும். அப்போது 28,800 வேகக் கம்பிக்கு ஈடுகொடுக்கக் கணினி 1,15,200 வேகத்தில் மோடத்துக்கு ஊட்ட வேண்டும். போர்ட் வேகத்தைக் கம்பி வேகத்தின் நான்கு மடங்காக வைக்கச் சொல்வதன் காரணம் இதுவே. ஏற்கெனவே சுருக்கப்பட்ட ஜிப் கோப்புகளுக்கு இச்சுருக்கம் பயன்படாது, எம்.என்.பி. 5 அவற்றைச் சற்றுப் பெரிதாக்கிவிடவும் செய்யும்.

போர்ட் கம்பியைவிட வேகமாக இருக்கும்போது வந்த தரவைத் தற்காலிகமாக வைத்திருக்கும் மோடத்தின் பஃபர் நிரம்பிவிடும். அப்போது ‘நிறுத்து’ என்று சொல்வது ஓட்டக் கட்டுப்பாடு. எக்ஸான், எக்ஸாஃப் எனப்படும் மென்பொருள் முறை அதற்காக ஆஸ்கி என்னும் எழுத்து அட்டவணையின் 17, 19 ஆகிய எழுத்துகளைத் தரவுக்கு நடுவில் அனுப்புகிறது. கோப்பிலேயே அவ்வெழுத்துகள் இருந்தால் எல்லாம் குழம்பும். ஆகவே முன்பு தள்ளிவைத்த ஆர்.டி.எஸ்., சி.டி.எஸ். முட்களைப் பயன்படுத்தும் வன்பொருள் முறையையே கணினியிலும் மோடத்திலும் தேர்ந்தெடுங்கள். நான் ஒருமுறை, கோப்புகள் பாதியில் சிதைவதைக் கண்டு கம்பியையும் சுவர்ப் பெட்டியையும் மாற்றி ஒரு வாரத்தை வீணாக்கினேன். பிழைதிருத்தம் இயங்கும் இணைப்பில் கம்பி இரைச்சல் வேகத்தைத்தான் குறைக்கும், எழுத்துகளை விழுங்காது என்று அப்போது யோசிக்கவில்லை. குறை போர்ட்டில் இருந்தது. 1,15,200 வேகத்தில் ஏறத்தாழ 87 மைக்ரோ நொடிக்கு ஓர் எழுத்து வருகிறது. பஃபரே இல்லாத, போர்ட்டை இயக்கும் பழைய யூ.ஏ.ஆர்.டி. சில்லில், செயலி அதற்குள் வந்து எடுக்காவிட்டால் அடுத்த எழுத்து அதன்மேல் விழுந்துவிடும். இதை ஓவர்ரன் என்பார்கள். 16 எழுத்துகளைத் தாங்கும் 16550ஏ சில்லுக்கு மாறியதும் சிக்கல் தீர்ந்தது.

இணைப்பின் மேலே ஓடுபவை

கோப்பு அனுப்பும் நெறிமுறைகளில் வார்ட் கிறிஸ்டென்சன் 1977-இல் எழுதிய எக்ஸ்மோடம் 128 பைட் துண்டுகளை ஒவ்வொன்றாக அனுப்பி ஒப்புதலுக்குக் காத்திருந்தது. இசட்மோடம் காத்திராமல் தொடர்ந்து அனுப்பி, அறுந்த இடத்திலிருந்து மீண்டும் தொடங்கவும் வல்லது. வாய்ப்பிருந்தால் பின்னதையே தேர்ந்தெடுங்கள். இந்தியாவில் 1995 ஆகஸ்ட் 15 அன்று அன்றைய அரசு நிறுவனமான வி.எஸ்.என்.எல். பொது இணையச் சேவையைச் சென்னை உள்ளிட்ட பெருநகரங்களில் தொடங்கியபின், ஷெல் கணக்கு, அதாவது சேவையாளரின் கணினியில் எழுத்து ஆணைகளால் இயங்கும் கணக்கு, மட்டும் வைத்திருந்தவர்கள் எழுத்துத் திரையிலேயே இணையத்தைக் கண்டார்கள். அவர்களுக்கு இச்சொற்கள் அன்றாடத் தேவையாக இருந்தன. படங்களுடன் வலையைப் பார்க்க பி.பி.பி. நெறிமுறை வேண்டும். அது சீரியல் இணைப்பின் மேல் இணையத் தரவைத் தாங்கும் ஐ.பி. பொட்டலங்களைச் சுமந்து, கடவுச்சொல்லைச் சரிபார்த்து, உங்கள் கணினிக்கு ஐ.பி. முகவரியையும் பெற்றுத் தருகிறது. கடவுச்சொல்லை அப்படியே அனுப்பும் பேப் முறையைவிட, அதை அனுப்பாமலே நிரூபிக்கும் சேப் முறை பாதுகாப்பானது.

அழைப்பை முடித்தல்

தரவு நிலையிலிருந்து வெளியே வர, ஒரு நொடி எதையும் தட்டாமல் இருந்து, மூன்று கூட்டல் குறிகளை வேகமாகத் தட்டி, மீண்டும் ஒரு நொடி காத்திருங்கள். முன்னும் பின்னும் உள்ள அந்த மௌனத்துக்குக் காப்பு நேரம் என்று பெயர்; கோப்பின் நடுவில் தற்செயலாக மூன்று கூட்டல் குறிகள் வந்தால் மோடம் அதை ஆணையாக எடுத்துக்கொள்ளாமல் இருக்க அது உதவுகிறது. ‘ஓகே’ வந்ததும், அட்டென்ஷன் எழுத்துகளுடன் ஹேங்-அப் என்பதன் முதலெழுத்தைச் சேர்த்துத் தட்டுங்கள். மென்பொருள்கள் டி.டி.ஆர். முள்ளைத் தாழ்த்தியும் இதையே செய்யும். உங்கள் மோடம் ரிசீவரை வைத்துவிட்டு மீண்டும் ‘ஓகே’ என்று சொல்லும். ஊர்தி அலை திடீரென நின்றுபோனதைக் கண்ட மறுமுனை மோடம் தன் கணினிக்கு ‘நோ கேரியர்’ என்று அறிவிக்கும்.